பென்சில்வேனியாவின் பழைய, புதிய பண்ணைக் கொட்டகைகளைப் பார்த்து அறிவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தென்கிழக்கு பென்சில்வேனியாவில், அதிலும் லான்காஸ்டர், பெர்க்ஸ் கவுண்டிகளில், எந்தச் சாலையில் போனாலும் 'பார்ன்' எனப்படும் பெரிய பண்ணைக் கொட்டகைகள் கண்ணில் படும். பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் காரை நிறுத்துகிறார்கள், படம் எடுக்கிறார்கள், அடுத்ததற்கு ஓடுகிறார்கள். மாலையில் கைப்பேசி நிறையப் படம் இருக்கும். அந்தக் கொட்டகைகளில் ஒன்றாவது ஏன் அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கேட்டால் பதில் இருக்காது.

ஒரு நாளைக்கு ஒரு பண்ணை போதும். அந்தப் பண்ணையில் மாடோ கோழியோ இருக்கும் புதிய கொட்டகையை முதலில் பாருங்கள், பழையதைப் பிறகு பாருங்கள். எந்தக் கொட்டகையானாலும் முதலில் வெளியே, அப்புறம் உள்ளே. முதலில் கீழ்த்தளம், அப்புறம் மேல்தளம். கீழே உள்ள படிகள் இந்த வரிசையில்தான் போகின்றன.

1. மாதத்தையும் நேரத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள்

பழைய கொட்டகையின் மரச்சட்டகத்தைப் பார்க்க மார்ச் கடைசியும் ஏப்ரல் தொடக்கமும் நல்ல காலம். குளிர்காலம் முழுக்க மாடுகள் தின்று தீர்த்ததில் வைக்கோல் பரண்கள் பாதிக்கு மேல் காலியாக இருக்கும். மரங்களில் இலை வந்திருக்காது என்பதால் கட்டடம் முழுதாகத் தெரியும். தகைவிலான் குருவிகள் கூடு கட்டத் தொடங்கியிருக்காது. முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைக் கலைப்பது அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி குற்றம். சேறு இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கோடையில் போனால் பரண் கூரை வரை கட்டுக்கட்டாக நிறைந்திருக்கும். தூண்களில் பாதி தெரியாது. செப்டம்பரில் போனால் வேறொரு லாபம்: லான்காஸ்டர் பக்கத்துப் புகையிலைக் கொட்டகைகளைப் பயன்பாட்டில் பார்க்கலாம். சுவரில் சில பலகைகள் மட்டும் கீல் வைத்து கதவுபோலத் திறந்திருக்கும். உள்ளே தொங்கும் இலைகள் அந்தக் காற்றில்தான் உலர்கின்றன.

நாளில் காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையே போங்கள். விடிகாலையும் மாலையும் பால் கறக்கும் நேரம். அப்போது போய் நின்றால் யாருக்கும் பேச நேரமிருக்காது. நவீன வசதிகளைப் பெரும்பாலும் தவிர்த்து வாழும் கிறிஸ்தவ சமூகத்தினரான ஆமிஷ் மக்களின் பண்ணைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை போகவே கூடாது. அன்று ஓய்வும் வழிபாடும். வழிபாடு சில நேரம் அந்தக் கொட்டகையிலேயே நடக்கும்.

2. கிளம்பும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

கழுவக்கூடிய ரப்பர் பூட்ஸ், ஒரு வாளி, தேய்க்கும் பிரஷ், கிருமிநாசினி. இவை இல்லாமல் கால்நடை உள்ள பண்ணைக்குப் போகாதீர்கள். விளையாட்டுக் காலணியின் அடிப்பள்ளங்களில் ஒட்டும் சாணத்தை முழுசாக எடுக்க முடியாது. நோய்க்கிருமி அதில்தான் ஊர் மாறுகிறது.

என்-95 முகக்கவசம், பலமான டார்ச், பத்து மீட்டர் டேப், திசைகாட்டி, குறிப்பேடு, பென்சில். முழுக்கால் சட்டை போட்டு, காலுறையை அதன் மேல் ஏற்றிவிடுங்கள். லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் அதிகமுள்ள மாநிலம் இது.

இன்னொன்று நம்மவர்களுக்காகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சமீபத்தில் இந்தியா போய், அங்கே மாடு ஆடு இருக்கும் இடத்தில் நடந்த செருப்பையோ ஷூவையோ இங்கே பண்ணைக்குப் போட்டு வராதீர்கள். திரும்பி வந்து குறைந்தது 5 நாளாவது கால்நடை அருகே போகாமல் இருங்கள். கோமாரி நோய் அமெரிக்காவில் 1929-க்குப் பிறகு வரவில்லை. இந்தியாவில் அது இன்னும் இருக்கிறது. விமான நிலையத்தில் பண்ணைக்குப் போனீர்களா என்று சுங்கத்துறை கேட்பது இதனால்தான். அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொன்னால் காலணியைச் சுத்தம் செய்து கொடுப்பார்கள், அவ்வளவே.

3. அனுமதி கேட்கும் முறை

பாழடைந்து கிடக்கும் கொட்டகைக்கும் உரிமையாளர் உண்டு. புதியவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான்: அறிவிப்புப் பலகை இல்லையே என்று உள்ளே போய்விடுகிறார்கள். 2020 முதல் பென்சில்வேனியாவின் பெரும்பாலான கவுண்டிகளில் மரத்திலோ கம்பத்திலோ அடித்த ஊதா வண்ணப் பட்டைக்கு 'உள்ளே வராதே' என்ற பலகைக்குச் சமமான சட்ட மதிப்பு உண்டு. நெட்டுக்குத்தாக, குறைந்தது 8 அங்குல நீளத்தில், தரையிலிருந்து 3 முதல் 5 அடி உயரத்தில் இருக்கும். அதைப் பார்த்தால் திரும்பிவிடுங்கள்.

நேரில் கேட்பதானால் காரை வீட்டுப் பாதையில், டிராக்டர் போக இடம் விட்டு நிறுத்துங்கள். ஹார்ன் அடிக்காதீர்கள். நாய் வந்தால் யாராவது வரும்வரை காருக்குள்ளேயே இருங்கள். பண்ணை வீடுகளில் முன்வாசலை அதிகம் பயன்படுத்துவதில்லை. பக்கவாட்டுக் கதவைத் தட்டுவதுதான் வழக்கம். ஆமிஷ் குடும்பங்களுக்குத் தொலைபேசி பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே ஒரு சிறு அறையில் இருக்கும். குரல் செய்தி விட்டால் ஓரிரு நாளில் பதில் வரலாம், வராமலும் போகலாம். அஞ்சலில் ஒரு கடிதம் போடுவது இன்னும் நல்லது.

கேட்கும்போது நான்கு விஷயத்தைச் சேர்த்தே சொல்லிவிடுங்கள்: எத்தனை பேர், எவ்வளவு நேரம், எந்தத் தளம் வரை, படம் எடுப்பீர்களா இல்லையா. "உங்கள் கொட்டகையைப் பார்க்கலாமா?" என்று மொட்டையாகக் கேட்டால் மறுப்பது சுலபம். "நாங்கள் இரண்டு பேர், ஒரு மணி நேரம், நீங்கள் வேண்டாம் என்கிற இடத்தில் கால் வைக்க மாட்டோம்" என்றால் பெரும்பாலும் அவரே கூட வருவார். அவர் வருவதுதான் உங்களுக்கு லாபம். எந்தப் பலகை உளுத்திருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். ஆமிஷ் மக்களின் முகம் தெரியப் படம் எடுக்காதீர்கள். கட்டடத்தைப் படமெடுக்கவும் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாரையும் கேட்கக் கூச்சமாக இருந்தால் லான்காஸ்டரிலுள்ள லாண்டிஸ் வேலி அருங்காட்சியகத்தில் தொடங்கலாம். கொட்டகைகளைப் பார்த்துப் பழக அது நல்ல இடம்.

4. சாலையிலிருந்து பண்ணை முழுவதையும் பாருங்கள்

உள்ளே நுழையும் முன் பத்து நிமிடம் தூரத்தில் நில்லுங்கள். மேட்டு உச்சியிலும் வளைவிலும் காரை நிறுத்தாதீர்கள். பின்னால் குதிரை வண்டி வரலாம். வயலுக்குள் போகும் வாயிலும் காலியான இடம்போலத் தெரியும். அது டிராக்டருக்கானது.

தூரத்தில் நின்றால்தான் எந்தக் கட்டடம் எதற்கு அடுத்து வந்தது என்று பிடிபடும். பழைய கொட்டகை வீட்டுக்கு அருகில் சரிவில் இருக்கும். அதை ஒட்டி சைலோ (தீவனம் சேமிக்கும் உயரமான உருளை), பால் வைக்கும் சிறிய அறை. கொஞ்சம் தள்ளி, சமதரையில், தகரக் கூரை போட்ட நீளமான புதிய கொட்டகை.

சைலோக்களை மட்டும் ஒரு நிமிடம் தனியாகப் பாருங்கள். கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய சைலோவைச் சுற்றி இரும்பு வளையங்கள் இருக்கும். அவை மேலே தள்ளித் தள்ளியும் கீழே நெருங்கியும் இருப்பதைக் கவனியுங்கள். உள்ளே குவிந்த பசுந்தீவனம் கீழே போகப்போக அதிகமாகச் சுவரை வெளியே தள்ளுகிறது. கருநீல நிற உருளை நின்றால் அது உட்பக்கமும் வெளிப்பக்கமும் கண்ணாடிப்பூச்சு உருக்கி ஒட்டிய எஃகு. காற்றுப் புகாமல் வைக்கச் செய்தது. நிலத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் பை பாம்பாக நீண்டு கிடந்தால் சைலோவின் வேலையை இப்போது அது செய்கிறது என்று அர்த்தம்.

5. புதிய கொட்டகையை முதலில் பாருங்கள்

மனம் பழையதைத்தான் முதலில் கேட்கும். ஆனால் கழுவிய பூட்ஸ் கழுவியபடியே இருப்பது நாளின் தொடக்கத்தில்தான். பழைய கொட்டகையின் புறா எச்சத்தையும் எலிப் புழுக்கையையும் மிதித்துவிட்டுக் கறவை மாட்டுக்கு நடுவே போவது பண்ணைக்காரருக்குச் செய்யும் கெடுதல். கன்றுகள் இருந்தால் அவற்றை முதலில், பெரிய மாடுகளைப் பிறகு. இளம் கன்றுக்கு நோய் சுலபமாகத் தொற்றும்.

கோழிக் கொட்டகையை வெளியிலிருந்து மட்டும் பாருங்கள். 2022-ல் லான்காஸ்டர் கவுண்டிப் பண்ணைகளில் பறவைக் காய்ச்சல் வந்தது. வெளியாளை உள்ளே விடுகிற கோழிப்பண்ணை அரிது. கெஞ்சாதீர்கள். வெளியிலேயே படிக்க நிறைய இருக்கிறது: ஒரு கோடியில் வரிசையாகப் பெரிய மின்விசிறிகள், மறு கோடியில் தண்ணீர் ஊறும் அட்டைத் திண்டுகள். விசிறிகள் காற்றை வெளியே இழுக்க, ஈர அட்டை வழியாகக் குளிர்ந்த காற்று கொட்டகை நீளத்துக்கும் ஓடுகிறது. கட்டடம் குறுகலாகவும் நீளமாகவும் இருப்பதற்குக் காரணம் அந்தக் காற்றோட்டம். பக்கத்தில் கூம்பு அடிப்பாகத்துடன் நிற்கும் எஃகுத் தொட்டிகள் தீவனத்துக்கானவை.

கறவை மாட்டுக் கொட்டகையில் சுவர் எங்கே என்று தேடுங்கள். பல இடங்களில் சுவரே இருக்காது, சுருட்டி ஏற்றும் திரைதான். பனி கொட்டும் ஊரில் இது என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். பால் மாட்டுக்குக் குளிரைவிட வெக்கைதான் எதிரி. தீவனத்தைச் செரித்துப் பாலாக்கும்போது உடம்பு பெரும் சூட்டை வெளியேற்றுகிறது. அதனால் பக்கம் திறந்திருக்கிறது, கூரை உச்சியிலும் நீளவாக்கில் ஓர் இடைவெளி விடுகிறார்கள். சூடான ஈரக்காற்று அதன் வழியே மேலேறிவிடும்.

ஆமிஷ் பண்ணையில் இதே வேலையை வேறு விதத்தில் பார்க்கலாம். பொது மின்கம்பியில் இணைக்க மாட்டார்கள். டீசல் இயந்திரத்தை வைத்துப் பால் தொட்டியைக் குளிர்விப்பார்கள். புதிய கொட்டகை, பழைய கொட்டகை என்று ஆண்டை வைத்துப் பிரிப்பது அங்கே அவ்வளவு சரிப்படாது.

சாணக் குழி, சாணத் தொட்டி பக்கம் எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள். கலக்கும்போது வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு சில மூச்சிலேயே ஆளைச் சாய்க்கும். விழுந்தவரைக் காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார். செப்டம்பர், அக்டோபரில் சைலோவையும் விலக்குங்கள்: தீவனம் நிரப்பிய முதல் மூன்று வாரம் வரை நைட்ரஜன் டை ஆக்சைடு உருவாகும். காற்றைவிடக் கனமான அந்த வாயு இறங்கு குழாய் வழியாகக் கொட்டகைக்குள்ளும் வரும். ப்ளீச் வாசனை அடித்தால் உடனே வெளியே.

இந்தப் பகுதி முடிந்ததும் பூட்ஸைத் தேய்த்துக் கழுவுங்கள். இனி இங்கே திரும்பி வரக்கூடாது.

6. பழைய கொட்டகையைச் சுற்றி நடங்கள்

இந்தப் பகுதியின் அடையாளமான கொட்டகை சரிவில் கட்டப்பட்டது. மேட்டுப் பக்கம் வண்டி நேராக மேல்தளத்துக்குள் ஓட்டிப் போகலாம். தாழ்ந்த பக்கம் கால்நடைகள் கீழ்த்தளத்துக்குள் நடந்து போகலாம். சரிவு இல்லாத இடத்தில் மண்ணைக் குவித்து ஏற்றம் செய்திருப்பார்கள். நெற்குதிர், வைக்கோல்போர், களம், தொழுவம் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் மாடியாக அடுக்கியது போன்ற அமைப்பு.

தாழ்ந்த பக்கத்துக்கு வாருங்கள். மேல்தளம் கீழ்ச்சுவரைத் தாண்டிப் பல அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இதை ஃபோர்பே என்பார்கள். திசைகாட்டியை எடுங்கள்: பெரும்பாலும் தெற்கோ தென்கிழக்கோ காட்டும். குளிர்கால வெயில் தொழுவ முற்றத்தில் விழ வேண்டும், மழையும் பனியும் கதவில் விழக்கூடாது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஏற்பாடு.

அடுத்து பக்கச்சுவரின் முக்கோணத்தைப் பாருங்கள். நீட்டிய பக்கம் கூரை நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் இருந்தால் அது ஸ்வைட்ஸர் வகை. முக்கோணம் சமமாக இருந்து, நீட்டல் அதற்குள்ளேயே அடங்கியிருந்தால் பிந்திய வகை. பல பத்தாண்டுகள் இரண்டும் ஒரே காலத்தில் கட்டப்பட்டன. எனவே இதை மட்டும் வைத்து வயது சொல்லாதீர்கள்.

கல் சுவரில் குறுகிய நெட்டைப் பிளவுகள் இருக்கும். அம்பு விடும் துளை என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். உள்ளே போய்ப் பார்த்தால் அதே பிளவு அகலமாக விரியும். காற்றை உள்ளே விட்டு மழையை வெளியே நிறுத்துவதற்காக அப்படி. செங்கல் சுவரில் கற்களை விட்டுவிட்டு வைத்துக் கோலம்போலச் செய்த துளைகளும் காற்றுக்குத்தான். வைக்கோல் ஈரத்தோடு புழுங்கினால் தானே சூடேறித் தீப்பிடிக்கும்.

வண்ண நட்சத்திரச் சின்னங்களைப் பார்த்து ஆமிஷ் கொட்டகை என்று எழுதிவிடாதீர்கள். ஆமிஷ் மக்கள் பொதுவாக அவற்றை வரைவதில்லை. லூத்தரன், சீர்திருத்த சபைகளைச் சேர்ந்த ஜெர்மன் வழியினரின் கொட்டகைகளில்தான் அவை அதிகம். பெர்க்ஸ் கவுண்டியில் பழைய 22-ஆம் எண் சாலையை ஒட்டி நிறையப் பார்க்கலாம்.

7. கீழ்த்தளம்

முகக்கவசத்தை இங்கே போடுங்கள், வெளியே வரும்வரை கழற்றாதீர்கள். பறவை, வௌவால் எச்சத்தில் வளரும் ஒரு பூஞ்சையின் நுண்துகள் நுரையீரலைப் பாதிக்கும். எதையும் பெருக்கவோ காலால் தள்ளவோ வேண்டாம்.

இந்தத் தளத்தில் அதிகம் மாறியிருப்பது தரை. கான்கிரீட், சாண வாய்க்கால், கழுத்தைப் பிடிக்கும் இரும்புச் சட்டம், சுண்ணாம்பு அடித்த சுவர் எல்லாம் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டில், பால் விற்பனைக்கான சுகாதார விதிகளுக்காக வந்தவை. பாலறை தனியாக ஒட்டுக்கட்டடமாக இருப்பதும் அதனால்தான். ஆக, கீழ்த்தளத்தைப் பார்த்து "இது பழசில்லை" என்று முடிவு செய்தால் தவறிவிடுவீர்கள். தலைக்கு மேலுள்ள உத்திரங்களையும் கல் சுவரையும்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

8. மேல்தளத்தில் எங்கே கால் வைப்பது

இந்தப் படியை அவசரப்படுத்தாதீர்கள். பழைய கொட்டகையில் ஆளைக் கீழே தள்ளுவது வைக்கோல் போடும் ஓட்டை. மேலிருந்து மாட்டுக்குத் தீவனம் தள்ளத் தரையில் விட்ட அந்த ஓட்டையின் மேல் உதிரி வைக்கோல் படர்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வைக்கோல் மூடிய தரையில் நடக்காதீர்கள். அவ்வளவுதான் விதி. குழந்தைகள் இருந்தால் கையைப் பிடித்தே நடக்க வேண்டும், இல்லையென்றால் கீழேயே நிறுத்திவிடுங்கள்.

வெற்றுத்தரையில் ஆணி வரிசையைப் பாருங்கள். ஆணி ஓடும் கோட்டுக்கு நேர் கீழே உத்திரம் இருக்கிறது. அந்தக் கோட்டின் மேல் காலை வையுங்கள். கூரை ஒழுகிய இடத்துக்குக் கீழே பலகை கறுத்திருந்தால் சுற்றிப் போங்கள். மேலே ஒழுக்கு இல்லாவிட்டாலும் சுவர் ஓரம் சந்தேகத்துக்குரியது. ஏணி எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் ஏற வேண்டாம்.

9. சட்டகத்தைப் படியுங்கள்

நடுவில் வண்டி ஓட்டி வரும் இடம்தான் கதிரடிக்கும் களம். அதன் இரு பக்கமும் வைக்கோல் பரண்கள். முன்புறம், ஃபோர்பே நீட்டலுக்குள், பலகை அடித்து நெருக்கமாகச் செய்த சிறு அறைகள் இருந்தால் அவை தானிய அறைகள். அடியில் சுவரோ தரையோ தொடாமல் காற்றில் தொங்குவதால் ஈரம் ஏறாது.

தூணும் உத்திரமும் சேரும் இடத்துக்கு டார்ச்சைக் கொண்டு போங்கள். ஒரு மரத்தில் துளை, மற்றதில் அதற்கேற்ற நாக்கு, இரண்டையும் குறுக்கே பிடிக்கும் மர ஆணி. அருகிலேயே உளியால் கீறிய ரோம எண்கள் தென்படும். ஒவ்வொரு நாக்கும் அதன் துளைக்கு மட்டுமே பொருந்துமாறு தரையில் வைத்துச் செதுக்கினார்கள். தூக்கி நிறுத்தும்போது ஜோடி மாறாமலிருக்க இந்த எண். வரிசை ஒழுங்காகப் போனால் சட்டகம் அப்படியே நிற்கிறது. எண் தாறுமாறாக இருந்தால் பிரித்து மாற்றிக் கட்டியிருக்கலாம்.

கூரை உச்சிக்குக் கீழே இரும்புத் தண்டவாளம் இருக்கிறதா என்று பாருங்கள். கயிற்றில் வைக்கோலைத் தூக்கிக் கொண்டுபோன பாதை அது, பிற்பாடு சேர்த்தது. அதற்கு வழி விட நடுவிலிருந்த குறுக்குத்தூலத்தை அறுத்திருப்பார்கள் சிலர். பிறகு சுவர் வெளியே சாய்ந்திருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

10. வயதைக் கணிக்கும்போது

டார்ச்சை மரத்துக்கு நேராகப் பிடிக்காமல், பரப்பை ஒட்டிப் படுக்கவைத்துப் பிடியுங்கள். கருவித் தடங்கள் நிழலாக எழும். கோடரி, கைக்கோடரித் தடம் என்றால் கையால் செதுக்கிய மரம். நேரான இணைகோடுகள் என்றால் மேலும் கீழுமாக ஓடிய வாள். வளைந்த கோடுகள் என்றால் வட்டவாள். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பின்னர்தான் அது பரவியது.

ஆணியும் பேசும். கொல்லன் அடித்த தலை ஒழுங்கற்றது. 19-ஆம் நூற்றாண்டு முழுக்கப் புழங்கிய வெட்டு ஆணி சதுரம்போல இருந்து எதிரெதிரான இரண்டு பக்கங்களில் மட்டும் ஒடுங்கும். உருண்டைக் கம்பி ஆணி என்றால் அந்த நூற்றாண்டின் கடைசியிலோ அதற்குப் பிறகோ.

இதில் எல்லாரும் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள்: கண்ணுக்கு எளிதில் படும் வெளிப்பலகையைப் பார்த்து வயது சொல்கிறார்கள். வெளிப்பலகை எத்தனையோ தடவை மாற்றப்பட்டிருக்கும். வெயிலில் வெளுத்ததும் பழசென்று பொருளில்லை, சிவப்பு வண்ணமும் ஒன்றும் சொல்லாது. தூணில் எதுவும் பொருந்தாமல் வெறுமனே ஒரு துளை இருந்தால் அந்த மரம் வேறொரு கட்டடத்திலிருந்து வந்திருக்கலாம். தீப்பிடித்த கொட்டகையைப் பழைய கல் அடித்தளத்தின் மேலேயே திரும்பக் கட்டினார்கள். அப்போது சுவரின் கல்லில் பொறித்த ஆண்டும் சட்டகத்தின் ஆண்டும் ஒன்றாயிருக்காது. மூன்று தடயமாவது ஒரே காலத்தைக் காட்டினால்தான் எழுதிக்கொள்ளுங்கள், அதையும் 'சுமார்' போட்டு.

11. குறிப்பும் படமும்

வெளியே நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொரு படம். ஒரு மூலைப் படத்தில் இரண்டு சுவர் வருமென்பதால் எதுவும் விடுபடாது. உள்ளே இணைப்புகளைப் பக்கத்தில் டேப் வைத்து எடுங்கள். அன்றைக்கே தரைப்படம் ஒன்றைக் கையால் வரைந்து, திசை, கதவுகள், களம், பரண், ஓட்டைகள் எல்லாவற்றையும் குறியுங்கள். இரவில் நினைவிலிருந்து வரைந்தால் இடம் வலம் மாறிவிடுகிறது.

வெளியிடுவதாக இருந்தால் கைப்பேசிப் படத்திலுள்ள இருப்பிடத் தகவலை நீக்குங்கள். பழைய கொட்டகைப் பலகைக்கு நல்ல விலை இருக்கிறது, காலியாக நிற்கும் கொட்டகையிலிருந்து பலகையைக் கழற்றிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். கவுண்டி பெயர் வரை போதும். கட்டடத்தின் நல்ல படம் ஒன்றையும் தரைப்படத்தின் நகலையும் அச்சிட்டு உரிமையாளருக்கு அஞ்சலில் அனுப்புங்கள். கூரை வேலைக்காரரிடமோ காப்பீட்டுக்காரரிடமோ காட்ட அவருக்கு அது உதவும். பக்கத்துப் பண்ணைக்கு உங்களை அவரே சொல்லி அனுப்பவும் வாய்ப்புண்டு.